அக்ரிங்டன், ஜூலை 1916: ஊருக்குச் செய்தி வந்து சேர்ந்த விதம், இணைய ஆவணங்களின் வழியே

1916 ஜூலை 1, சனிக்கிழமை காலை, முதல் உலகப் போரில் சோம் போரின் முதல் நாள். வட பிரான்சில் செர் என்ற சின்னக் கிராமத்துக்கு எதிரே, கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்டின் 11ஆவது பட்டாலியன் பதுங்குகுழிகளை விட்டு வெளியேறியது. போனவர்கள் ஏறத்தாழ 720 பேர். அரை மணி நேரம் போவதற்குள் அவர்களில் பெரும்பகுதி விழுந்துவிட்டது. கடைசிக் கணக்கில் 584 பேர் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள். இந்தப் பட்டாலியனை அதன் ஊரான அக்ரிங்டனில், வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், யாரும் எண் சொல்லி அழைக்கவில்லை. அக்ரிங்டன் பால்ஸ், அதாவது அக்ரிங்டன் நண்பர்கள், என்றுதான் பெயர். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள், ஒன்றாகவே பட்டாளத்தில் சேர்ந்து ஒன்றாகவே சண்டைக்குப் போகலாம் என்று சொல்லித் திரட்டிய படை அது.

20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பிரிட்டிஷ் வாழ்க்கையையும் முதல் உலகப் போரையும் இணையத்தில் படிக்க வருபவருக்கு முதலில் வருவது மலைப்பு. லட்சக்கணக்கான பக்கங்கள், டஜன் கணக்கில் தளங்கள், பாதி இலவசம், பாதி கட்டணம். தளங்களின் பட்டியல் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டியலால் பெரிய பயன் இல்லை என்பது என் அனுபவம். ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் எந்தத் தளம் எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்று பிடிபடும். ஆகவே இங்கே கேள்வி ஒன்றுதான்: ஜூலை 1 அன்று நடந்தது அக்ரிங்டன் மக்களுக்கு எப்போது தெரிந்தது, யார் வழியாகத் தெரிந்தது? லண்டன் காப்பகங்கள் பக்கமே போகாமல் இதற்கு எவ்வளவு தூரம் பதில் தேட முடியும்?

போருக்கு முந்தைய ஊர்

அக்ரிங்டன் பருத்தி ஊர். 1911இல் மக்கள்தொகை சுமார் 45,000. நூற்பாலைகளும் தறிக்கூடங்களும் போக, நூற்பு இயந்திரங்கள் செய்யும் ஹோவர்ட் அண்ட் புல்லோ நிறுவனத்தின் குளோப் ஒர்க்ஸ் அங்கேதான் இருந்தது. லங்காஷயர் துணிக்கு உலகத்திலேயே பெரிய சந்தை இந்தியா. சென்னை, கல்கத்தா துறைமுகங்களில் இறங்கிய துணிப்பொதியின் மறுமுனையில் இப்படிப்பட்ட ஊர்கள்தான் இருந்தன.

ஊரைப் பார்க்க முதல் வாசல் 1911 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. முந்தைய கணக்கெடுப்புகளில் கணக்கெடுப்பாளர் தன் பேரேட்டில் படியெடுத்து எழுதியதுதான் நமக்குக் கிடைக்கிறது. 1911க்கோ, வீட்டுத்தலைவர் தன் கையால் நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எழுத்துப்பிழை, அடித்தல் திருத்தல், மைக்கறை எல்லாம் அப்படியே இருக்கும். அந்த ஆண்டு ஒரு புதிய கேள்வியும் சேர்ந்தது. மணமான பெண்களுக்குத் திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை? ஒரு நெசவாளர் தெருவின் படிவங்களை வரிசையாகத் திறந்து கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் போதும். போருக்கு முன்பே அந்த வீடுகளுக்குச் சாவு புதிதல்ல என்று தெரிந்துவிடும்.

தொழில் கட்டமும் அதே அளவு பேசும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் பெயருக்கு நேராக அரைநேரம் என்று எழுதியிருக்கும். பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி. 1918 கல்விச் சட்டம் வந்த பிறகுதான் இந்த முறை முடிவுக்கு வந்தது. 1911இல் பதினைந்து வயதில் தறிக்கூடத்தில் இருந்த பையனுக்கு 1914இல் பதினெட்டு வயது நடந்திருக்கும். பட்டாளத்தில் சேர்வதற்கு முன்பே ஐந்தாறு வருடம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே உழைத்தவன் அவன்.

இந்தப் படிவங்களின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி ஆகிய கட்டணத் தளங்களில் இருக்கின்றன. பெயர்ச் சுட்டியை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தனி மனிதர் வேண்டாம், ஊரின் கணக்கு போதும் என்றால் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் விஷன் ஆஃப் பிரிட்டன் தளத்தில் கணக்கெடுப்பு அறிக்கைகளும் ஊர்வாரி எண்களும் காசில்லாமல் கிடைக்கும். 1911ஐத் தாண்டிப் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1921 கணக்கெடுப்பு 2022இல்தான் இணையத்துக்கு வந்தது. 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942இல் தீயில் போய்விட்டன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. ஆக, 1921க்குப் பிறகு இருப்பது 1939 செப்டம்பரில் அவசரமாக எடுத்த பதிவேடு மட்டுமே.

தெருக்களைப் பார்க்க ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம். பெயர் ஸ்காட்லாந்தாக இருந்தாலும் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் அதில் உண்டு, முற்றிலும் இலவசம். மைலுக்கு 25 அங்குல அளவில் ஒவ்வொரு வீட்டின் சுவரும் தெரியும். திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பழைய வரைபடம், வலப்பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம் என்று வைத்துக்கொள்ளலாம். குளோப் ஒர்க்ஸும் அதைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீட்டு வரிசைகளும் கண்முன் வரும். ஒரு பட்டாலியனில் இத்தனை பேர் ஒரே தெருக்காரர்களாக எப்படி இருந்தார்கள் என்பதை விளக்க இந்த வரைபடத்தை விட நல்ல சாட்சி கிடையாது.

முகங்களைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து ஊரான பிளாக்பர்னின் மிட்செல் அண்ட் கென்யன் எடுத்த படங்கள். 1900களின் தொடக்கத்தில் மில் வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வரும் கூட்டத்தைப் படமெடுத்து அன்று மாலையே அவர்களுக்கே காட்டிக் காசு பார்த்தவர்கள் இவர்கள். 800க்கும் மேற்பட்ட சுருள்கள் ஒரு பழைய கடையின் நிலவறையில் 1994இல் கிடைத்தன. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் (பிஎஃப்ஐ) அவற்றை மீட்டெடுத்தது. அதன் படத்தளமான பிஎஃப்ஐ பிளேயரில் உள்ளவற்றில் சில பிரிட்டனுக்கு வெளியே ஓடாது. அவர்களுடைய யூடியூப் பக்கத்தில் உள்ளவை ஓடும். சால்வை போர்த்திய பெண்கள், கேமராவைப் பார்த்துத் தொப்பியை ஆட்டும் சிறுவர்கள். அந்தச் சிறுவர்களுக்கு 1914இல் என்ன வயது என்று மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

ஏன் இத்தனை வேகமாகச் சேர்ந்தார்கள்?

அக்ரிங்டன் மேயர் ஜான் ஹார்வுட் ஒரு முழுப் பட்டாலியனையே திரட்டித் தருவதாகப் போர் அலுவலகத்திடம் சொன்னார். 1914 செப்டம்பர் 14இல் ஆள்சேர்ப்பு தொடங்கியது, பத்தே நாளில் முடிந்தது. பெயர் அக்ரிங்டன் என்றாலும் பர்ன்லி, சோர்லி, பிளாக்பர்ன் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. இது பின்னால் தேடும்போது மிகவும் முக்கியம். (அந்தப் பத்து நாளுக்குள்தான் செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. நம்மூர்க்காரர்களுக்குத் தேதியை நினைவில் வைக்க எளிய வழி.)

தேசப்பற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் 1914 கோடையில் அக்ரிங்டனில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஹோவர்ட் அண்ட் புல்லோவில் சம்பளத் தகராறு முற்றிக் கதவடைப்பு. பருத்தித் தொழிலும் படுத்திருந்தது. கைச்செலவுக்கு வழியில்லாத இளைஞர்கள் தெருவில் நின்ற நேரத்தில் மேயரின் அழைப்பு வந்தது. பட்டாளச் சம்பளமும் மனைவிக்குத் தனிப்படியும் அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. நினைவுச்சின்னக் கல்வெட்டில் இதெல்லாம் இருக்காது. அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாத உள்ளூர்ப் பத்திரிகைகளில் இருக்கும்.

பத்திரிகை என்றதும் கட்டணச் சுவர் வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய பத்திரிகைகள் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்தில் ஏறுகின்றன. சிலவற்றை இலவசமாகத் திறந்துவிட்டிருந்தாலும் பெரும்பாலானவற்றுக்குச் சந்தா வேண்டும். ஆனால் ஒரு பக்கவாசல் உண்டு. இந்தப் பட்டாலியன் 1915 பிப்ரவரியில் பயிற்சிக்காக வேல்ஸில் உள்ள கெய்ர்னார்வனுக்குப் போனது. முகாம் கிடையாது, ஆட்கள் ஊர் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். வேல்ஸ் தேசிய நூலகத்தின் வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைன், 1919 வரையான பத்திரிகைகளை ஒரு பைசா வாங்காமல் தருகிறது. லங்காஷயர் படையின் அந்த வசந்தகாலத்தைப் பற்றி லங்காஷயர் பத்திரிகைக்குக் காசு கட்டுவதற்கு முன் அங்கே தேடிப் பார்க்கலாம். தேடும்போது ஊரின் பெயரை அந்தக் காலத்து எழுத்துமுறையில், கார்னார்வன் என்று வரும்படி அடிக்க வேண்டும். மங்கிய அச்சைக் கணினி படித்துப் பதிந்த எழுத்து என்பதால் அக்ரிங்டன் என்ற சொல்லே பல விதமாகக் குதறப்பட்டிருக்கும். பட்டாலியன், லங்காஷயர், பயிற்சி என்று சுற்றுவட்டச் சொற்களாலும் தேடுவது நல்லது.

கெய்ர்னார்வனுக்குப் பிறகு ஸ்டாஃபர்ட்ஷயர், ரிப்பன், சாலிஸ்பரி என்று முகாம் முகாமாகச் சுற்றி, 1915 டிசம்பரில் எகிப்துக்குக் கப்பலேறி, 1916 மார்ச்சில் பிரான்சுக்கு வந்தார்கள். 31ஆவது டிவிஷன், அதற்குள் 94ஆவது பிரிகேட். பல பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேட், பல பிரிகேட்கள் சேர்ந்தது டிவிஷன்.

அந்தக் காலை

பிரிட்டிஷ் படையின் ஒவ்வொரு பட்டாலியனும் போர்க்களத்தில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை டபிள்யூஓ 95 என்ற வரிசையில் இருக்கின்றன. ஏறத்தாழ 15 லட்சம் பக்கங்கள், போரின் நூற்றாண்டையொட்டி இணையத்தில் ஏறின. பட்டாலியன் பெயரைப் போட்டுத் தேடினால் கோப்பு வந்து நிற்கும்.

இந்த நாட்குறிப்புகளைப் படிக்கப் பழக வேண்டும். பெரும்பாலான நாட்களுக்கு இடம், வானிலை, எந்தப் பதுங்குகுழியில் இருந்தோம், எத்தனை பேர் காயம் என்று இரண்டு வரிதான். சாதாரணச் சிப்பாயின் பெயர் அபூர்வமாகவே வரும். பெரிய சண்டை நாளில் மட்டும் பக்கங்கள் நீளும், பின்னிணைப்புகள் சேரும். கட்டளை அதிகாரி லெப்டினென்ட் கர்னல் ஆர்தர் ரிக்மேனின் பட்டாலியனில், 7.20க்கு முதல் அலை வெளியேறி எதிரிக் கம்பிவேலிக்கு முன்னால் படுத்துக் காத்திருந்தது. அதே 7.20க்குத்தான் தெற்கே ஹாதார்ன் மேட்டில் சுரங்க வெடி வைக்கப்பட்டது. பெருந்தாக்குதலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எதிரே இருந்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. ஏழு நாள் பீரங்கி அடித்தும் ஆழக்குழிகளுக்குள் பத்திரமாக இருந்த ஜெர்மானியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு மேலே ஏறிவிட்டார்கள்.

ஒரு பட்டாலியனின் நாட்குறிப்பை மட்டும் நம்பக்கூடாது. ரிக்மேனே அன்று மாலை குண்டடிபட்டு அப்புறப்படுத்தப்பட்டார். எழுத வேண்டிய அதிகாரிகளில் பாதிப்பேர் இல்லை. பக்கத்தில் நின்ற ஷெஃபீல்டு படையின் (12ஆவது யார்க் அண்ட் லங்காஸ்டர்) நாட்குறிப்பையும், 94ஆவது பிரிகேட் தலைமையகத்தின் நாட்குறிப்பையும் சேர்த்துத் திறக்க வேண்டும். பிரிகேட் கோப்பில்தான் குழப்பத்தின் அளவு தெரியும். ஓடிப்போய்ச் செய்தி கொண்டுவர வேண்டியவர்கள் திரும்பவில்லை. தம் ஆட்கள் செர் கிராமத்துக்குள் நுழைந்துவிட்டார்களா இல்லையா என்பதே பின்னால் இருந்த தளபதிகளுக்குத் தெரியவில்லை. ஊருக்குச் செய்தி தாமதமானதற்குத் தணிக்கையைக் குறை சொல்வார்கள். சரிதான், ஆனால் பத்து மைல் பின்னால் இருந்தவர்களுக்கே தெரியாத ஒன்றை மறைக்கவும் முடியாது.

நாட்குறிப்பில் வரும் இடக்குறியீடுகள் புதியவரை விரட்டிவிடும். ஒரு வரைபடத் தாளின் எண், அதற்குள் பெரிய சதுரத்துக்கு ஆங்கில எழுத்து, அதற்குள் ஆயிரம் கஜச் சதுரத்துக்கு எண், அதையும் நான்காக வெட்டிச் சின்ன எழுத்து, கடைசியில் கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு என்று இரண்டு இலக்கம். முறை பிடிபட்டால் ஐம்பது கஜத்துக்குள் ஒரு ஆள் எங்கே நின்றான் என்று சொல்லிவிடலாம். அதற்கான பதுங்குகுழி வரைபடங்களும் அதே ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இருக்கின்றன. செர் கிராமத்துக்கு எதிரே பிரிட்டிஷ் வரிசையில் நான்கு சிறு தோப்புகள். படைவீரர்கள் அவற்றுக்கு மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அவை பெரும்பாலும் ஒன்றுசேர்ந்து ஒரே தோப்பாகத் தெரியும். அங்கேதான் ஷெஃபீல்டு நினைவுப் பூங்கா, அக்ரிங்டன் படைக்காக எழுப்பிய செங்கல் சுவர் எல்லாம்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்வி

இறந்தவர்கள் எத்தனை என்று கேட்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணும் முறைதான் வேறு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் ரெஜிமென்ட், பட்டாலியன், இறந்த தேதி கொடுத்துத் தேடினால் பட்டியல் வரும். அதை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், இலவசமாக. ஆனால் ஜூலை 1 என்று மட்டும் தேதி கொடுத்தால், காயத்தோடு மருத்துவமனைக்குப் போய் ஜூலை 3இலோ 9இலோ இறந்தவர்கள் விடுபடுவார்கள். ஜூலை முழுவதையும் கொடுத்தால் ஜூலை 1க்குச் சம்பந்தமில்லாதவர்களும் சேருவார்கள். வேறு படைப்பிரிவின் பெயரில் பதிவானவர்களும் உண்டு. 11ஆவது பட்டாலியனில் ஆள்சேர்ப்பில் சேர்ந்து பின்னர் பிரிகேடின் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனிக்கு மாறியவர் கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்ட் என்று தேடினால் வரமாட்டார்.

பட்டியலில் இன்னொரு பொறி, காலிக் கட்டங்கள். பலருக்கு வயது இருக்காது, பெற்றோர் பெயர் இருக்காது. ஆணையம் போருக்குப் பிறகு உறவினர்களுக்குப் படிவம் அனுப்பிக் கேட்ட விவரங்கள்தான் அவை. வீடு மாறிப்போயிருந்தாலோ, பதில் எழுத மனம் வராமல் போயிருந்தாலோ கட்டம் காலி. ஆகவே "சராசரி வயது" என்று கணக்குப் போடுபவர் பதில் எழுதிய குடும்பங்களின் சராசரியைத்தான் சொல்கிறார். கல்லறைக் கல்லில் குடும்பம் சொந்தமாக ஒரு வரி பொறித்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 66 எழுத்து, எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ். பின்னாளில் கட்டணம் கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். எழுத்தை எண்ணிக் காசு கேட்ட காலத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் அந்த வரியை எப்படிச் சுருக்கியிருப்பார்கள்? ஆணையத்தின் தளத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் கல்லறைப் படிவங்களில் அந்த வரிகள் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை அந்தத் தளத்திலேயே அதிகம் படிக்கப்பட வேண்டியவை அவைதான்.

எரிந்தவையும் எரியாதவையும்

தனி மனிதரின் படைக்கோப்பைத் தேடும்போதுதான் பெரிய ஏமாற்றம். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிக்கோப்புகள் லண்டன் வால்வர்த்தில் ஆர்ன்சைட் தெருக் கிடங்கில் இருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானக் குண்டு விழுந்து ஏறத்தாழ 60 சதவீதம் அழிந்தது. மிஞ்சியவற்றை டபிள்யூஓ 363 என்ற வரிசையில் நுண்படமாக்கினார்கள்; ஆராய்ச்சியாளர்கள் பேச்சில் அதன் பெயர் எரிந்த ஆவணங்கள். ஓரம் கருகி, தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய தாளின் படம் ஆன்செஸ்ட்ரியில் திரையில் வரும். பாதி வரி படிக்கலாம், பாதியை ஊகிக்க வேண்டும்.

கோப்பு இல்லை என்பதற்காக அந்த ஆள் பட்டாளத்தில் இல்லை என்று எழுதிவிடக்கூடாது. அந்தக் கிடங்குக்கு வெளியே இருந்த தாள்களை நோக்கிப் போக வேண்டும். மெடல் அட்டைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. இறந்த சிப்பாய்க்கு அரசு தர வேண்டிய பாக்கித் தொகையைப் பதிந்த பேரேடுகள் தேசிய ராணுவ அருங்காட்சியகத்துடையவை. அவற்றில் பணம் யாருக்குப் போனது என்று வரும்: தாய், மனைவி, சில சமயம் ஐந்தாறு உடன்பிறப்புகளுக்குப் பங்கு பிரித்து. போர்க்கால வெகுமதி பணிக்காலத்தைப் பொறுத்தது என்பதால், தொகையை வைத்து எந்த மாதம் சேர்ந்தான் என்றுகூடப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். ஓய்வூதிய அட்டைகள் இன்னும் சுவாரஸ்யம். 60 லட்சத்துக்கு மேற்பட்ட அந்த அட்டைகள் குப்பைக்குப் போக இருந்தவை. வெஸ்டர்ன் ஃப்ரன்ட் அசோசியேஷன் என்ற ஆர்வலர் அமைப்பு 2012இல் அவற்றைக் காப்பாற்றியது. விதவையின் பெயர், முகவரி, குழந்தைகளின் பிறந்த தேதி என்று போர்க்கள ஆவணம் எதிலும் கிடைக்காத வீட்டு விவரம் அதில்தான்.

போருக்குப் போக மறுத்தவர்கள், விலக்குக் கேட்டவர்கள் பக்கம் போனால் இழப்பு இன்னும் பெரிது, அது குண்டால் வந்ததும் அல்ல. 1916 தொடக்கத்தில் கட்டாய ராணுவச் சேவை வந்ததும் ஊருக்கு ஊர் தீர்ப்பாயம் உட்கார்ந்து விலக்கு மனுக்களை விசாரித்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில், இங்கிலாந்துக்கு மாதிரியாக மிடில்செக்ஸ் பகுதியின் மேல்முறையீட்டுத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கச் சொன்னது அரசே. மிடில்செக்ஸ் தாள்கள் எம்ஹெச் 47 என்ற வரிசையில் அருமையாக இணையத்தில் இருக்கின்றன. கடையை மூடினால் தாய்க்குச் சோறில்லை என்று எழுதியவர்கள் அதில் வரிசையாக வருவார்கள். ஆனால் அவர்கள் லண்டனை ஒட்டிய மக்கள். அக்ரிங்டன் நெசவாளர் என்ன சொல்லி விலக்குக் கேட்டார் என்பதற்கு உள்ளூர்ப் பத்திரிகையின் விசாரணைச் செய்திகள்தான் ஆதாரம்.

ஊருக்குச் செய்தி வந்த வழி

இத்தனையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கேள்விக்குக் கிடைக்கும் பதில் இது: அரசு சொல்வதற்கு முன் தபால் சொல்லிவிட்டது.

முதல் சில நாட்கள் பத்திரிகைகளில் தாக்குதல் நன்றாக நடக்கிறது என்ற தொனிதான். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் சேதம், அதில் 19,240 பேர் சாவு என்பது பின்னாளில் தெரிந்த கணக்கு. அதிகாரியின் வீட்டுக்குத் தந்தி போகும். சாதாரணச் சிப்பாயின் வீட்டுக்கோ பி 104-82 என்ற அச்சடித்த படிவம், பெயரை மட்டும் கையால் நிரப்பி, சாதாரணத் தபாலில் வரும். காணாமல் போனவர் என்றால் அதற்கு வேறு எண்ணுள்ள படிவம். பத்திரிகைகளில் அதிகாரபூர்வப் பட்டியல் வெளியானது வாரக்கணக்கில் கழித்து.

ஆனால் போர்முனைத் தபால் அசாத்திய வேகம். உச்சகட்டத்தில் வாரத்துக்கு 1.2 கோடிக் கடிதங்களைக் கையாண்ட அமைப்பு அது. சண்டை முடிந்ததும் சிப்பாய்க்கு ஓர் அச்சடித்த அட்டை கொடுப்பார்கள்: நான் நலம், நான் மருத்துவமனையில் இருக்கிறேன், கடிதம் விரைவில் என்று வரிவரியாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அட்டையை அழித்துவிடுவோம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். இம்பீரியல் வார் மியூசியத்தின் சேகரிப்பில் இந்த அட்டைகள் உண்டு. ஒரு தெருவில் நாலு வீட்டுக்கு அட்டை வந்து ஐந்தாவது வீட்டுக்கு வராவிட்டால், அந்த வீட்டுக்காரர்களுக்கு விஷயம் புரியத் தொடங்கிவிடும். காயம்பட்டவர்கள் சில நாட்களுக்குள் இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றியும் எழுதினார்கள். அந்தக் கடிதங்களும் இறந்தவர்களின் சிறு புகைப்படங்களும் ஜூலை முழுக்க உள்ளூர்ப் பத்திரிகைகளை நிறைத்தன. பால்ஸ் முறையின் கொடுமை சாவு ஒரே இடத்தில் குவிந்ததோடு முடியவில்லை. செய்தியும் அப்படியே குவிந்து வந்தது: ஒரே கடிதத்தில் ஒரு தெருவின் சேதி.

காணாமல் போனவர்களின் வீடுகள்தான் அதிகம் காத்திருந்தன. செர் ஜெர்மானியர் கையிலேயே இருந்தது. 1917 பிப்ரவரியில் அவர்கள் பின்வாங்கிய பிறகுதான் அந்த நிலத்தில் கிடந்த உடல்களை எடுக்க முடிந்தது. குயின்ஸ் செமட்ரி, ரயில்வே ஹாலோ போன்ற சின்னக் கல்லறைத் தோட்டங்கள் அந்த வசந்தத்தில் உருவானவை. உடல் அடையாளம் தெரியாதவர்களின் பெயர்கள் தியெப்வால் நினைவுச்சின்னத்தின் 72,000 பெயர்களுக்குள் இருக்கின்றன. கைதியாக இருக்கலாம் என்று நம்பிய குடும்பங்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதின. ஜெனீவாவின் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அந்தக் கைதி அட்டைகளை 2014இல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. பெயர் அடித்துத் தேடிப் பதில் வாங்கும் தளமல்ல. அகரவரிசையில் அடுக்கிய அட்டைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் ஒரு தாய் விசாரித்த கடிதத்தின் தேதியே அட்டையில் இருந்தால், 1916 இலையுதிர்காலத்திலும் அந்த வீட்டில் நம்பிக்கை இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

உண்மையைச் சொல்லுங்கள் என்று மக்கள் மேயரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள் என்ற கதை எங்கே படித்தாலும் வரும். நடந்திருக்கலாம். ஆனால் அதை எடுத்தெழுதுபவர்கள் தேதி தருவதில்லை, 1916இன் தாள் எதையும் காட்டுவதில்லை. அந்த ஜூலையின் பத்திரிகைகளையும் நகரசபைப் பதிவுகளையும் காட்டாதவரை இதை ஊர் நினைவு என்ற அளவில் வைத்துக்கொள்வதே சரி. அதே மாதிரித்தான் போர்ப்படமும். சோம் போரைப் பற்றி அரசு வெளியிட்ட ஆவணப்படம் 1916 ஆகஸ்டில் திரைக்கு வந்து கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஹாதார்ன் வெடி அதில் உண்மையாகவே இருக்கிறது. பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி மட்டும் பயிற்சி இடத்தில் நடிக்கவைத்து எடுத்தது. இன்றும் இணையத்தில் ஜூலை 1 என்று போட்டால் அந்தக் காட்சிதான் முதலில் வரும்.

கடைசியாக ஒரு சந்தேகம், இந்த ஆய்வின் மீதே. ஒரு காலையின் புகழ் மற்ற நாட்களை மறைத்துவிடுகிறது. அக்ரிங்டன் ஓக் ஹில் பூங்காவில் ரெஜினால்ட் பிளம்ஃபீல்டு வடிவமைத்த நினைவுச்சின்னத்தில் முதல் போரில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. அவர்களில் மிகப் பலருக்கு ஜூலை 1உடன் தொடர்பில்லை. 1915இல் துருக்கியில் நடந்த கலிபோலிச் சண்டை முதல் 1918 வரை வெவ்வேறு படைகளில் போனவர்கள். எ ஸ்ட்ரீட் நியர் யூ என்ற தளம் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் உள்ள வீட்டு முகவரிகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைக்கிறது. இம்பீரியல் வார் மியூசியத்தின் லைவ்ஸ் ஆஃப் தி ஃபர்ஸ்ட் வேர்ல்டு வார் தளத்தில் 77 லட்சம் பேருக்குத் தனித்தனிப் பக்கம் உண்டு. அக்ரிங்டனை அந்தப் புள்ளிகளில் திறந்து, தெருத்தெருவாகத் தேதிகளைப் பார்க்கலாம். எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஜூலை 1க்குப் பிறகு பட்டாலியனை நிரப்ப எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். 1917, 1918இல் 11ஆவது கிழக்கு லங்காஷயரில் இறந்ததாகப் பதிவான பலர் அக்ரிங்டனைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.